எடைமேடைக்கு முன் மூன்று மீட்டர்

டான்டினாங் தெற்கில்
ஜூலைக் காலை ஆறரைக்கு ஷட்டர் ஏறும்போது
முதலில் உள்ளே வருவது குளிர்,
பிறகு லாரி.

லாரியின் வயிற்றில்
போன வாரம்வரை யாரோ ஒருவரின் மேசையில் இருந்தவை:
ரொட்டித்தூள் இன்னும் உதிராத டோஸ்டர்,
ஒரு காது மட்டும் கேட்கும் ஹெட்போன்,
காகிதத்தை விழுங்கித் தொண்டை அடைத்துப்போன
பதினோரு பிரிண்டர்கள்.
எல்லோரும் பிரிண்டரைத்தான் முதலில் கைவிடுகிறார்கள்.
அதற்காக யாரும் வருந்தியதாகத் தெரியவில்லை.

என் வேலை பேட்டரி பிரிப்பது.
உப்பிய பேட்டரி எண்ணெயில் எழும்பும் பூரி போலத்தான் இருக்கும்.
குத்திப் பார்த்துவிடக் கூடாது.
மணல் வாளி என் இடப்பக்கம்.
போன மார்ச்சில்
கட்டைவிரல் நகமளவு பேட்டரி ஒன்று,
பொம்மைக் காருக்குள் இருந்தது,
பாதி லாரியைத் தின்றுவிட்டது.
அன்றிலிருந்து பொம்மைகளிடம் எனக்குத் தனி மரியாதை.

பக்கத்து மேசை ரம்ஸானுக்கு.
ஸ்க்ரூவை வாயில் கவ்விக்கொண்டு
பலகைகளிலிருந்து செம்பைப் பிரிப்பான்.
'இது சாகவில்லை' என்பான் அவ்வப்போது,
எனக்கா பெட்டிக்கா என்று தெரியாமல்.

ஆனால் சட்டம் ஒன்றுதான்:
எடைமேடை ஏறியது கழிவு.
ஏறும்வரை அது மானிட்டர், மிக்ஸி, ரேடியோ.
ஏறி இறங்கினால் கிலோ.
எங்களுக்குக் கூலி கிலோவுக்கு.

சிலவற்றில் சீட்டு ஒட்டியிருக்கும்.
'வேலை செய்கிறது, யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.'
'இரண்டாவது பட்டனை அழுத்திப் பிடிக்கவும்.'
'அப்பாவுடையது. தூக்கிப் போட மனசில்லை.'
தூக்கிப் போட்டது நாங்கள்.
அரவை இயந்திரத்துக்குச் சீட்டு படிக்கத் தெரியாது.
உரித்து உரித்து என் லாக்கர் கதவின் உள்பக்கம் ஒட்டினேன்.
நான்கு மாதத்தில் நாற்பத்து மூன்று.

பூட்டு மாற்ற வந்த அன்று
மேலாளர் டெப்ரா அதைப் பார்த்துவிட்டாள்.
நின்றபடியே எல்லாவற்றையும் படித்தாள்,
சிலவற்றை இரண்டு முறை.
'டன் கணக்கு குறையுமே' என்றாள்,
யாரும் எதுவும் கேட்காதபோதே.

அடுத்த திங்கள்
எடைமேடைக்கு மூன்று மீட்டர் முன்னால்
ஒரு மடக்கு மேசை நின்றது.
ஒரு கால் ஆடியது, கீழே அட்டை வைத்தோம்.
நான்கு பிளக் பாயிண்ட்.
ஒரு பொருளுக்குப் பத்து நிமிடம்,
அதற்குள் மூச்சு வந்தால் வெளியே,
வராவிட்டால் மேடைக்கு.

முதலில் ஒரு மானிட்டர்.
செருகினோம்.
கருப்பு. கருப்பு. பிறகு நீலப் பெட்டிக்குள்
'சிக்னல் இல்லை' என்று எழுத்து நகர்ந்தது.
இல்லை என்று சொல்ல
உயிர் வேண்டுமே!
ரம்ஸான் ஸ்க்ரூவைத் துப்பிவிட்டுச் சிரித்தான்.

பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.
நூற்றுக்கு ஒன்பது பிழைக்கிறது.
மற்ற தொண்ணூற்றொன்றும் மேடை ஏறுகின்றன,
கண்ணாடி ஒருபுறம், செம்பு ஒருபுறம்,
பழைய டிவியின் கழுத்திலிருக்கும் ஈயம்
பூட்டிய டிரம்மில்.
மண்ணுக்குப் போகாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.
வீட்டுக்குப் போனால்
'புதிய போனுக்கு நீங்கள் தகுதி பெற்றுள்ளீர்கள்'
என்று குறுஞ்செய்தி,
விரிசல் விழுந்த என் பழைய போனிலேயே வருகிறது.
அதற்கு என்ன துணிச்சல்.

நேற்று ஒரு பிரிண்டர்.
ரம்ஸான் உருளையைக் கழற்றித் துடைத்து
விழுங்கியதைச் சிமிட்டாவால் இழுத்தான்:
யாருடையதோ வேலை விண்ணப்பம், பாதி,
'என் பலங்கள்' என்ற தலைப்போடு கிழிந்திருந்தது.
பிறகு சோதனைத் தாள் வந்தது.
நீலம், சிவப்பு, கருப்பு.
மஞ்சள் மட்டும் மங்கல்.

பேனாவை எடுத்தேன்.
இத்தனை நாள் உரித்த கை
முதன்முதலாக ஒட்டியது:
'வேலை செய்கிறது. மஞ்சள் கொஞ்சம் மங்கல்.'

மஞ்சளை எதற்குச் சொல்கிறாய்,
எடுக்காமல் போய்விடுவார்களே என்றான் ரம்ஸான்.

மறைத்து எழுதினால்
திரும்பி நம்மிடமே வரும் என்றேன்.